இரைப்பைப் புற்றும் அதைத் தேடிச் செல்லும் மருந்தும்

(வெள்ளிவிழாச் சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழாக் குழுவினர் நம்மை அணுகி, கல்வியைப் பற்றி ஓர் உரை நிகழ்த்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகளாக அதைப் பற்றியே பேசி வந்திருக்கிறோம். கேட்டவர்களுக்கும் சலித்திருக்கும். ஆகவே இம்முறை வேறொரு பொருளைப் பேச இசைவு கேட்டுப் பெற்றோம். இரைப்பையில் தோன்றும் புற்றுநோய் உடலெங்கும் பரவாமல் தடுப்பதற்காக உருவாகி வரும் எதிர்ப்பொருள் மருந்துகளே அப்பொருள். நாம் மருத்துவர் அல்லோம். வரலாறு படித்துப் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சி முடித்தவர்களே. ஆயினும் கடந்த ஓராண்டாக இதைப் பற்றிப் படித்தும், விளங்காத இடங்களை நம் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் கேட்டும் தெளிந்துகொண்டோம்.

இந்த முயற்சிக்குக் காரணமானவர் நம் கழகத்தின் முதற் பொருளாளராக விளங்கிய பெரியவர். தொழிலால் கொத்தனார். இன்று நாம் அமர்ந்திருக்கும் இக்கூடத்தின் வடக்குச் சுவர் அவர் கூலி வாங்காமல் எழுப்பியது. இரண்டு ஆண்டுகள் அவருக்கு வயிற்றில் எரிச்சலும் பசியின்மையும் இருந்தன. வாயுத் தொல்லை என்றே அவரும் நினைத்தார், நாமும் நினைத்தோம். மருந்துக் கடையில் மாத்திரையும் பெட்டிக் கடையில் சோடாவும் வாங்கிக் காலம் கடத்தினார். உடல் மெலிந்து, வயிற்றில் நீர் கோத்துக்கொண்ட பிறகே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். எண்டாஸ்கோப்பிக் குழாயை உள்ளே செலுத்திப் பார்த்த மருத்துவர், இரைப்பையில் புற்று என்றும், அது வயிற்றறைக்குள் பரவிவிட்டது என்றும் கூறினார். அன்று மாலை பெரியவர் நம்மைப் பார்த்து, "தம்பி, கட்டி எங்கே இருக்கிறது என்றுதான் கண்டுபிடித்துவிட்டார்களே, வெட்டி எறிந்துவிட்டால் என்ன?" என்று கேட்டார். தலைமையாசிரியர் என்று பெயர் வைத்துக்கொண்டு, அவருக்கு விடை சொல்லத் தெரியாமல் நின்றோம். அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கடந்தபின் அந்த விடையை இங்கே சொல்ல முயல்கிறோம்.

இரைப்பையின் சுவர் பல அடுக்குகளால் ஆனது. உள்ளே மெல்லிய சவ்வு, அதற்கு வெளியே தசை, எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு போர்வை. புற்று உட்சவ்வில் தோன்றுகிறது. அந்த நிலையிலேயே கண்டுபிடித்தால் வெட்டி எடுத்துக் குணமாக்க முடியும். நாளடைவில் அது தசையைத் துளைத்துக்கொண்டு செல்கிறது. நிணநீர் முடிச்சுகளுக்கும், இரத்தத்தின் வழியே கல்லீரலுக்கும் போய்ச் சேருகிறது. வெளிப்போர்வையையும் தாண்டிவிட்டால், முற்றிய கதிரிலிருந்து மணி உதிர்வது போலப் புற்றுசெல்கள் வயிற்றறைக்குள் உதிர்ந்து ஆங்காங்கே முளைக்கின்றன. உதிர்ந்த மணியைக் கத்தியால் பொறுக்க இயலுமா? பெரியவரின் கேள்விக்கு இதுவே விடை. 1889ஆம் ஆண்டில் ஸ்டீபன் பேஜட் என்னும் இலண்டன் மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்து, புற்று பரவுவதை விதைக்கும் மண்ணுக்கும் ஒப்பிட்டார். விதை எங்கும் விழலாம். ஏற்ற மண் கிடைத்த இடத்தில்தான் முளைக்கும் என்பது அவர் கருத்து. நடவும் களையெடுப்பும் அறிந்த நம்மவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

அப்படியானால் பரவிய புற்றுக்கு, உடலெங்கும் சென்று தேடும் மருந்துதான் தேவை. வழக்கமான புற்றுநோய் மருந்துகளும் இரத்தத்தில் உடலெங்கும் செல்லக்கூடியவையே. ஆனால் அவை நல்ல செல்லையும் கெட்ட செல்லையும் சேர்த்தே தாக்குகின்றன. முடி கொட்டுவதும், வாய் புண்ணாவதும், இரத்த அணுக்கள் குறைவதும் அதனாலேயே. பயிரை விடுத்துக் களையை மட்டும் அடையாளம் காணும் மருந்து வேண்டும். அந்த ஆற்றல் படைத்தவையே எதிர்ப்பொருள்கள்.

எதிர்ப்பொருள் என்பது நம் உடலே செய்துகொள்ளும் ஒரு புரதம். அயற்பொருள் ஒன்று உள்ளே நுழைந்தால், அதன் வடிவத்துக்கு மட்டும் பொருந்தும்படி, பூட்டுக்கேற்ற சாவி போல, உடல் அதைச் செய்கிறது. நம்மவர் பலரும் இந்த மருத்துவத்தைப் பெயர் தெரியாமலே கண்டிருக்கிறார்கள். வயலில் பாம்பு தீண்டினால் அரசு மருத்துவமனையில் போடும் ஊசி என்ன? குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சை ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டான எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்த மருந்தே அது. அதற்கு வேண்டிய நஞ்சை நாட்டுக்கு வழங்குவதில் பெரும்பங்கு வகிப்பவர்கள், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டு தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த இருளர்கள். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட அம்மக்களின் கையிலிருந்த அறிவு இல்லையேல் அந்த ஊசி இல்லை. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இம்முறையை முதலில் கண்டறிந்தவர்கள் ஜெர்மனியரான பெரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோவும். 1890ஆம் ஆண்டில் பெர்லினில் இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சி அது. 1901ஆம் ஆண்டின் முதல் மருத்துவ நோபல் பரிசோ பெரிங் ஒருவருக்கே கிடைத்தது. சேர்ந்து உழைத்தும் பெயர் விடுபட்டுப் போவது நமக்குப் புதிய செய்தி அன்று.

குதிரையின் இரத்தத்திலிருந்து கிடைப்பது பலவகை எதிர்ப்பொருள்களின் கலவை. புற்றைத் தேடிச் செல்ல, ஒரே வகையைச் சேர்ந்த, வேண்டிய அளவுக்குப் பெருக்கக்கூடிய எதிர்ப்பொருள் வேண்டும். இதற்கு வழி கண்டவர்கள் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய சீசர் மில்ஸ்டீனும் ஜார்ஜ் கோலரும். எலியின் உடலில் எதிர்ப்பொருள் செய்யும் செல் சில நாட்களில் மடிந்துவிடும். புற்றுசெல்லோ பெருகிக்கொண்டே இருக்கும். இவ்விரண்டையும் ஒட்டி ஒன்றாக்கி, மடியாமல் ஒரே வகை எதிர்ப்பொருளைச் செய்துகொண்டே இருக்கும் ஒரு புதிய செல்லை அவர்கள் 1975ஆம் ஆண்டில் உருவாக்கினார்கள். புற்றின் கெட்ட குணத்தையே மருந்து செய்யும் கருவியாக்கிய விந்தையை நாம் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வியந்திருந்தோம். 1984ஆம் ஆண்டில் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மில்ஸ்டீன் அர்ஜென்டினாவில் குடியேறிய யூதக் குடும்பத்தின் பிள்ளை. மூன்று மகன்களும் பல்கலைக்கழகம் செல்ல வேண்டும் என்று பெற்றோர் எந்தத் துன்பத்தையும் பொறுத்துக்கொண்டார்கள். தாயார் ஆசிரியை. 1962ஆம் ஆண்டில் அந்நாட்டில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின், மில்ஸ்டீன் பணியாற்றிய ஆய்வு நிலையத்தில் உடன் பணியாற்றியவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதை எதிர்த்து அவரும் பதவியைத் துறந்து இங்கிலாந்து சென்றார். அவருடைய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. உடனடிப் பயன் ஏதும் தெரியவில்லை என்று அதற்குரிய ஆங்கில அரசு நிறுவனம் கைவிட்டுவிட்டது. அதனால் உலகின் எந்த ஆய்வுக்கூடமும் அம்முறையைத் தடையின்றிக் கையாள முடிந்தது. எலியின் எதிர்ப்பொருளை மனித உடல் அயலானாகக் கருதி விரட்டும் குறையும், மரபணுக்களை மாற்றியமைக்கும் முறைகளால் பின்னர் நீங்கியது.

இரைப்பைப் புற்றுக்கு முதலில் பயன்பட்டது டிராஸ்டுசுமாப். சில புற்றுசெல்களின் மேல் ஹெர்-2 என்னும் புரதம் மிகுதியாக முளைத்திருக்கும். வளரச் சொல்லும் செய்தியை வாங்கும் காது போன்றது அது. அந்தக் காதைப் பொத்துவதே இந்த மருந்தின் வேலை. 1998ஆம் ஆண்டில் மார்பகப் புற்றுக்காக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இதை, பரவிய இரைப்பைப் புற்றில் சோதித்துப் பார்த்தார்கள். 2010ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. வழக்கமான மருந்து மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.1 மாதம்; இதையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 13.8 மாதம். ஆனால் இரைப்பைப் புற்றுள்ளோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே ஹெர்-2 மிகுதி. எஞ்சிய நால்வருக்கு என்ன செய்வது?

இங்கேதான் நாம் சொல்ல விரும்பிய முதன்மைச் செய்தி வருகிறது. கொத்தனார் வேலை தெரிந்தவர்கள் கூர்ந்து கேளுங்கள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே சாந்து வைத்து இறுக்குவது போல, செல்லையும் செல்லையும் இறுக்கிப் பிணைக்கும் புரதங்கள் உடலில் உண்டு. 1998ஆம் ஆண்டில் ஜப்பானின் கியோட்டோ நகரில் புருசே, சுகிதா ஆகியோர் இவற்றைக் கண்டுபிடித்து, மூடுதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து கிளாடின் என்று பெயரிட்டார்கள். அவற்றுள் கிளாடின் 18.2 என்பது நலமான உடலில் இரைப்பையின் உட்சவ்வில் மட்டுமே காணப்படுவது. அங்கும் அது செல்களின் இடுக்கில் புதைந்திருக்கும். சுவர் ஒழுங்காக நிற்கும்வரை உள்ளே இருக்கும் சாந்து கண்ணுக்குத் தெரியாது அல்லவா? புற்று தோன்றியதும் செல்களின் ஒழுங்கு குலைகிறது. சரிந்த சுவரில் சாந்து வெளியே தெரிவது போல, கிளாடின் வெளியே தெரிகிறது. புற்று வேறிடத்துக்குப் பரவினாலும் பெரும்பாலும் அந்த அடையாளத்தைச் சுமந்துகொண்டே செல்கிறது. அந்த அடையாளத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் செய்தால், அது ஒட்டிய செல்லை உடலின் வெள்ளணுக்களே வந்து அழித்துவிடும்.

இந்த எண்ணத்தை மருந்தாக்கியவர்கள் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து மருத்துவ இணையர், உகுர் சாகினும் ஓஸ்லெம் துரேசியும். 2001ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2002ஆம் ஆண்டில் தங்கள் திருமண நாளன்றும் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி வேலை பார்த்தார்களாம். நம் வீட்டுப் பெரியவர்கள் இதற்கு ஒப்பமாட்டார்கள். 2008ஆம் ஆண்டில் கிளாடின் 18.2 பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். 2016ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தை ஜப்பானிய மருந்து நிறுவனம் ஒன்று வாங்கியது. 2023ஆம் ஆண்டில் இரு பெரும் சோதனைகளின் முடிவுகள் வந்தன. 565 நோயாளிகள் பங்குகொண்ட ஒன்றில், வழக்கமான மருந்துடன் இந்த எதிர்ப்பொருளையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 18.23 மாதம், பெறாதவர்களுக்கு 15.54 மாதம். 507 பேர் பங்குகொண்ட மற்றொன்றில் 14.39 மாதமும் 12.16 மாதமும். சோல்பெடக்சிமாப் என்னும் இம்மருந்துக்கு 2024 மார்ச்சில் ஜப்பானும், அக்டோபரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. தொடங்கியதிலிருந்து ஒப்புதல்வரை இருபத்து மூன்று ஆண்டுகள்!

இவ்வுரையை எழுதிக்கொண்டிருந்தபோது உடனிருந்த இளைஞர் ஒருவர், "இருபத்து மூன்று ஆண்டு உழைத்து இரண்டரை மாதம்தானா, சார்?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. அது இடைநிலைக் கணக்கு. சிலருக்கு அதைவிட நெடுங்காலம் கிடைக்கிறது, சிலருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. சோதனைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேருக்கே இந்த அடையாளம் போதிய அளவில் இருந்தது. நலமான இரைப்பையிலும் அதே கிளாடின் இருப்பதால், மருந்து ஏற்றும்போது குமட்டலும் வாந்தியும் கடுமையாக வருகின்றன. இவை எல்லாம் உண்மை. ஆயினும் நம் பெரியவருக்கு அந்த இரண்டரை மாதம் கிடைத்திருந்தால், பேத்தியின் திருமணத்தைக் கண்ணால் பார்த்திருப்பார். அது பத்தொன்பது நாள் தள்ளி நடந்தது.

வேறு வகைகளும் வந்துள்ளன. எதிர்ப்பொருளின் முதுகில் நச்சு மருந்தை ஏற்றி நேரே புற்றுசெல்லுக்கு அனுப்பும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் 2020ஆம் ஆண்டில் ஜப்பானில் இரைப்பைப் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. உடலின் வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்தும் தடையை அகற்றும் நிவோலுமாப் என்பதும் அங்கே 2017ஆம் ஆண்டு முதல் இந்நோய்க்குப் பயன்பட்டு வருகிறது.

இனி அந்த உகுர் சாகினைப் பற்றி ஒரு செய்தி. இதற்காகத்தான் இவ்வளவையும் படித்தோமோ என்று இப்போது தோன்றுகிறது. அவர் 1965ஆம் ஆண்டில் துருக்கியில் பிறந்தவர். தந்தை பிழைப்புத் தேடி ஜெர்மனி சென்று, கொலோன் நகரத்து ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அந்நாட்டில் தொடக்கப் பள்ளி முடிந்ததும் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் பள்ளி ஒன்று, கைத்தொழிலுக்குச் செல்லும் பள்ளி ஒன்று. சாகினின் ஆசிரியர் அவரைக் கைத்தொழிற் பக்கமே பரிந்துரைத்தார். அண்டை வீட்டு ஜெர்மானியர் ஒருவர் குறுக்கிட்டதால்தான் மேற்படிப்புக்குரிய பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது. அந்த அண்டை வீட்டுக்காரர் வாய் திறவாதிருந்தால்? கொரோனாத் தடுப்பூசியை 2020ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களும் இதே இணையர் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பதினாறு ஆண்டுகளுக்கு முன், நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு மாணவி பத்தாம் வகுப்பில் 500க்கு 441 மதிப்பெண் பெற்றார். அறிவியலில் 96. தாயாருடன் வந்து, பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுக்கலாம் என்று நம்மைக் கேட்டார். உயிரியல் படிக்கத் தமக்கு விருப்பம் என்றும் சொன்னார். மேல்நிலைப் பள்ளி எட்டுக் கிலோமீட்டர் தொலைவு. தனிப்பயிற்சிக்குப் பணம் வேண்டும். தந்தை இல்லாத வீடு. "வணிகவியல் எடுத்துக்கொள் அம்மா, சீக்கிரம் வேலைக்குப் போகலாம்" என்று அறிவுரை கூறி, விண்ணப்பத்தையும் நம் கையாலேயே நிரப்பிக் கொடுத்தோம். அன்போடுதான் சொன்னோம். கொலோன் நகரத்து ஆசிரியரும் அன்போடுதான் சொல்லியிருப்பார். நம் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும் என்று வேற்றார் சொன்னால் கொதித்தெழுகிறோம். நம்மில் ஒருவராகிய நாமே சொன்னோம். அவர் இப்போது அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதுகிறார். இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய இசைவைப் பெற்றே இதைச் சொல்கிறோம். அவர் சிரித்துக்கொண்டு, "பரவாயில்லை சார், சொல்லுங்கள்" என்றார். அந்தச் சிரிப்பு நம்மைத் தண்டிக்காமல் தண்டித்தது.

பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவராக விளங்கியவர். மருந்தறிவு நம் மரபுக்கு அயலானதன்று. சாந்து பூசும் கைகளின் பிள்ளைகளுக்குக் கிளாடின் புரிவது கடினமும் அன்று; சென்ற மாதம் நம் பள்ளி ஒன்பதாம் வகுப்பில் சொல்லிப் பார்த்தோம், மணி அடித்த பிறகும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இம்மருந்துகள் நமக்குக் கிடைக்குமா என்று பெரியவர்கள் கேட்பீர்கள். டிராஸ்டுசுமாப் ஒரு காலத்தில் ஏழைகளுக்கு எட்டாக் கனி. 2013ஆம் ஆண்டில் அதை விற்ற அயல்நாட்டு நிறுவனம் இந்தியக் காப்புரிமையைத் தொடராமல் விட்டது. 2014ஆம் ஆண்டில் பெங்களூர் நிறுவனமான பயோகான் அதே வகை மருந்தைக் குறைந்த விலையில் வெளியிட்டது. 2015ஆம் ஆண்டில் அது நாட்டின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. டெருக்ஸ்டிகான் மருந்தின் சுங்கவரியை 2024 சூலை வரவு செலவுத் திட்டத்தில் நடுவண் அரசு நீக்கியது. வரி போன பின்னும் விலை நம் கைக்கு எட்டவில்லை. புதிய மருந்து வருவது ஒன்று, அது நம் தெருவுக்கு வருவது மற்றொன்று. இரண்டாவதற்கும் படித்தவர்கள் வேண்டும். காப்புரிமைச் சட்டம் படித்தவர்கள், மருந்து செய்யப் படித்தவர்கள்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்ய வேண்டும். இரைப்பைப் புற்றுக்குப் பெருங்காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மருத்துவர்களான வாரனும் மார்ஷலும் இதைக் கண்டறிந்தனர். ஒருவரும் நம்பாததால் 1984ஆம் ஆண்டில் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து நோயுற்றுக் காட்டினார். 2005ஆம் ஆண்டில் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். இக்கிருமி நெருக்கமாக வாழும் வீடுகளிலும், தூய நீரும் கழிப்பிடமும் இல்லாத இடங்களிலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றுகிறது. நம் குடியிருப்புகளுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு நாம் எழுதிய மனுக்களும் புற்றுநோய்த் தடுப்புப் பணியே. தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே புற்று வருகிறது. ஆகையால் அஞ்ச வேண்டுவதில்லை. மருத்துவர் சோதித்துத் தரும் மாத்திரைகளை இரண்டு வாரம் விடாமல் உண்டால் பெரும்பாலோர்க்குக் கிருமி ஒழியும். புகையிலையும், உப்பில் ஊறிய உணவை நாள்தோறும் மிகுதியாக உண்பதும் ஆபத்தைக் கூட்டும்.

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு வயிற்றெரிச்சலோ பசியின்மையோ சில வாரம் நீடித்தால், உடல் மெலிந்தால், மலம் கறுத்துப் போனால், மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புற்று என்று தெரிந்தால் காஞ்சிபுரத்தில் அரசின் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ஆம் ஆண்டில் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிக்கும்போது, ஹெர்-2 சோதனையும் செய்யலாமா என்று மருத்துவரைப் பணிவோடு கேளுங்கள். கேட்பது தவறன்று.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கழகத்தின் இரவுப் பள்ளிக்கு உறுப்பினர்களின் நன்கொடையால் நுண்ணோக்கி ஒன்று வாங்கியிருக்கிறோம். பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் உயிரியல் கற்றுத்தர இரண்டு பேர் தேவை. செவிலியர் பயிற்சி முடித்தவரோ, ஆய்வுக்கூடப் பணியாளரோ, கல்லூரியில் விலங்கியல் படிப்பவரோ, எவராயினும் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துச் செல்லுங்கள். அரிசி ஆலையில் கணக்கெழுதும் அந்த அம்மையார் முதற்பெயராகத் தம் மகளின் பெயரைக் கொடுத்திருக்கிறார், கற்பிக்க அன்று, கற்க.